கட்டைவிரல் தொடங்கும் இடம்



இன்று பொதுக்காலம் மூன்றாம் ஞாயிறு. காலை ஐந்தரை மணிக்கு நான் கோவில் கதவைத் திறக்க வந்தபோது படிக்கட்டுக்குப் பக்கத்தில் புல் முழுக்க வெள்ளையாக உறைந்து கிடந்தது. தேயிலை வைத்திருப்பவர்களுக்கு இந்த வெள்ளையைப் பார்த்தால் வயிறு கலங்கும். ஓர் இரவு உறைபனி போதும், பள்ளத்துத் தேயிலை கருகிவிடும். இப்போதுகூட உங்களில் பலர் கைகளை அக்குளில் செருகிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் இன்று கையைப் பற்றியே பேசுகிறேன். அதிலும் கட்டைவிரலைப் பற்றி.

இரண்டாம் வாசகத்தில் புனித பவுல் கொரிந்து மக்களுக்கு உடலைக் காட்டிப் பாடம் சொல்கிறார். கால் பேசுகிறது, காது பேசுகிறது. கண் கையைப் பார்த்தோ, தலை காலைப் பார்த்தோ, நீ எனக்குத் தேவையில்லை என்று சொல்ல முடியாது என்கிறார். விரல்கள்வரை அவர் போகவில்லை. ஆனால் அவருக்கு விரல்களைத் தெரியும். கொரிந்தில் அவர் ஒன்றரை ஆண்டு இருந்தார். அக்கிலா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கி, அவர்களோடு சேர்ந்து கூடாரம் செய்து பிழைத்தார். திருத்தூதர் பணிகள் நூல் 18ஆம் அதிகாரம் இதைச் சொல்கிறது. முரட்டுத் துணியில் ஊசி குத்தி இழுக்கிறவருக்குக் கட்டைவிரல் எதற்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மனிதர்தான் இன்றைய வாசகத்தில் உடுத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்கிறார். மதிப்புக் குறைந்தவை என்று நாம் நினைக்கும் உறுப்புகளைத்தான் கூடுதல் அக்கறையோடு உடுத்துகிறோம் என்கிறார். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கையுறை நினைவுக்கு வருகிறது. பீடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பாருங்கள்.

பழுப்புக் கம்பளி நூலில் பின்னியது. நான்கு விரல்களும் பாதியிலேயே வெளியே வந்துவிடும். கட்டைவிரலுக்கு மட்டும் தனியாக ஒரு சிறு குழாய். அதுவும் நகத்துக்கு முன்பே முடிந்துவிடும். கொழுந்து எடுக்கிறவர்களுக்கு முழுக் கையுறை உதவாது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு இலை, ஒரு மொட்டு என்று தேர்ந்து கிள்ளுவது கட்டைவிரல் நுனியும் ஆட்காட்டி விரல் நுனியும்தான். அவை திறந்திருக்க வேண்டும், உள்ளங்கையும் மணிக்கட்டும் சூடாக இருக்க வேண்டும். மார்க்கெட்டில் நோட்டு எண்ணுகிறவர்களுக்கும், இருட்டோடு காய்கறி லாரியில் கயிறு கட்டுகிறவர்களுக்கும் அப்படித்தான்.

குருவுக்கும் அப்படித்தான். நான் இந்தப் பங்குக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு லைன் வீட்டுக்கு நோயில் பூசுதல் கொடுக்கப் போனேன். கையில் கடையில் வாங்கிய முழுக் கையுறை. எண்ணெய்ச் சிமிழைத் திறக்க அதைக் கழற்ற வேண்டியிருந்தது. கட்டைவிரல் பகுதி இறுகப் பிடித்துக்கொண்டது, வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். கட்டிலில் இருந்த அம்மா மூச்சு வாங்கியபடி எனக்காகக் காத்திருந்தார். கடைசியில் விறைத்துப்போன என் விரல் அவர் நெற்றியில் பட்டபோது அவர் உடம்பு ஒருமுறை நடுங்கி அடங்கியது. அதற்காக இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. பக்கத்து வீட்டுப் பாட்டி மெழுகுதிரியோடு வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர் சாக்ரிஸ்டிக்கு வந்தார். "சாமி, வலது கையைக் காட்டுங்க" என்றார். முந்தானையிலிருந்து ஒரு நூல்துண்டு எடுத்து அளந்தார். நாற்பது வருடம் கொழுந்து எடுத்த கை அவருடையது. விரல் நுனிகளில் தேயிலைக் கறை ஏறி, வெடிப்புகள் கறுத்திருந்தன. கட்டைவிரல் பிரிகிற இடத்திலிருந்துதான் அளக்கப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் நூலை மணிக்கட்டில் வைத்தார். "அந்த விரல் அங்கேயிருந்து வரலை சாமி, இங்கேயிருந்து வருது" என்றார்.

நீங்களும் இப்போது உங்கள் கையைப் பாருங்கள். கட்டைவிரலை மெதுவாக உள்ளங்கைக்குக் குறுக்கே கொண்டுபோய்ச் சுண்டுவிரலைத் தொடுங்கள். அசைவது விரல் மட்டுமா? மணிக்கட்டுக்கு மேலே அந்தச் சதைமேடு முழுவதும் சேர்ந்து திரும்புகிறது. மணிக்கட்டை ஒட்டி ஒரு மூட்டு இருக்கிறது. குதிரைச் சேணம்போல இரண்டு எலும்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதனால்தான் இந்த ஒரு விரலால் மற்ற நான்கையும் எதிர்கொண்டு சந்திக்க முடிகிறது. தாயின் கருவில் கை முதலில் ஒரு சிறு துடுப்புப்போலத்தான் இருக்கும், விரல்கள் பிறகே பிரியும். 139ஆம் திருப்பாடல் அந்த உருவாக்கத்தைப் பாடும்போது எபிரேய மூலத்தில் ஒரு சொல் வருகிறது. சந்திப்புக் கூடாரத்து வாயில் திரையில் பூவேலை செய்தவருடைய தொழிலுக்கும் அதே சொல்வேர்தான். கடவுளின் கைவேலையைச் சொல்ல அந்தப் பாடகருக்கு நூல்வேலைக்காரரின் சொல் தேவைப்பட்டிருக்கிறது.

பாட்டி பின்னுவதை நான்கு மாலைகள் உட்கார்ந்து பார்த்தேன், பிறகு நானும் கற்றுக்கொண்டேன். பின்னத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் கைக்கு 36 கண்ணிகள். அவற்றை மூன்று ஊசிகளில் பகிர்ந்துகொண்டு, நான்காவது ஊசியால் வட்டமாகப் பின்னிக்கொண்டே போக வேண்டும். தையலே கிடையாது. மணிக்கட்டுக்கு ஒரு நேர்க்கண்ணி, ஒரு மாற்றுக்கண்ணி என்று ரிப் பின்னல். அது இழுத்தால் விரியும், விட்டால் பிடிக்கும். ரிப் முடிந்து சில சுற்றுகளிலேயே கட்டைவிரலுக்கான வேலை தொடங்கிவிடுகிறது. விரல் பிரிகிற இடம் இன்னும் இரண்டரை அங்குலம் தள்ளியிருக்கிறது! பாட்டி ஒரு கண்ணியைத் தேர்ந்து, அதன் இரு பக்கமும் சிவப்பு நூலால் அடையாள வளையம் போட்டார். மூன்று சுற்றுக்கு ஒருமுறை, அந்த வளையங்களுக்குள்ளே இடப்பக்கம் ஒரு கண்ணி, வலப்பக்கம் ஒரு கண்ணி ஏற்றினார். ஒன்று மூன்றாகும். மூன்று ஐந்தாகும். இப்படி ஆறு முறை ஏற்றி, 18 சுற்று முடியும்போது அங்கே 13 கண்ணிகள். ஒரு சிறு முக்கோணம் கண்ணுக்குத் தெரியாமல் அகன்று வந்திருக்கும். அந்தச் சதைமேடு போய் உட்காரும் இடம் அது.

இதற்குச் சுருக்கு வழி ஒன்று உண்டு. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். கையுறையை நேர்க்குழாயாகப் பின்னிக்கொண்டே போய், விரல் வெளியே வர வேண்டிய இடத்தில் ஒரு கீற்று விட்டால் போதும், கட்டைவிரல் அதன் வழியே வந்துவிடும். தட்டையாக மேசையில் வைத்தால் அழகாகவே இருக்கும். போட்டுக்கொண்டு கையை மடக்கியதும்தான் தெரியும். சதைமேட்டுக்கு இடம் இல்லாததால் விரல் அசையும்போதெல்லாம் உள்ளங்கைத் துணியைத் தன் பக்கம் இழுக்கும். கீற்றின் முனை விரிந்து ஓட்டை விழும். கையுறை முழுவதும் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். பார்க்கிறவர்கள் கட்டைவிரல்தான் கையுறையைக் கெடுக்கிறது என்பார்கள்.

சகோதர சகோதரிகளே, இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அந்தப் பாட்டி இந்த மலையில் பிறந்தவர் அல்ல. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தின்படி, இலங்கையின் மலைத்தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட இலட்சக்கணக்கானவர்களில் ஒருவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்தவர். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் பாதிப்பேர் வீட்டிலும் இதே கதை உண்டு. மீதிப்பேருக்கு அந்தக் கதை தெரியும். இப்போதும் சிலர் அவர்களை எந்தச் சொல்லால் குறிப்பிடுகிறார்கள் என்பதும் தெரியும். ஐம்பது வருடம் கழித்தும் ஒருவரைச் "சிலோன்காரர்" என்று சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறோம்.

ஒருநாள் பின்னிக்கொண்டே அவர் சொன்னார்: "நாங்க வந்தப்ப கோவில்ல யாரும் விரட்டலை சாமி. கடைசி ரெண்டு பெஞ்சை விட்டாங்க. திருநாளுக்கு வரி வாங்கிக்கிட்டாங்க. ஆனா தேர் தூக்குற வரிசையில, பாடல் குழுவுல, பங்குப் பேரவையில, அதுக்கெல்லாம் ரொம்ப வருஷம் ஆச்சு." குறையாக அவர் சொல்லவில்லை. அவர் கண் ஊசியிலேயே இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. நாம் அவர்களுக்கு இடம் கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்கிறோம். கீற்றுப் போட்டுக் கொடுத்த இடம் அது. மணிக்கட்டிலிருந்து கண்ணி ஏற்றி அகலப்படுத்தியது அல்ல. அகலப்படுத்த வேண்டியிருந்தால், அவர்கள் வந்து நின்ற பிறகு யோசிக்காமல், அதற்கு வெகு முன்பே நம் ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது மாறியிருக்க வேண்டும். நாம் பாடும் பாட்டிலும், பேரவையில் கையெழுத்துப் போடும் பெயர்களிலும், பெண் கொடுத்துப் பெண் எடுப்பதிலும் மாறியிருக்க வேண்டும். பிறகு அவர்கள் பிள்ளைகளில் சிலர் வேறு சபைகளுக்குப் போனபோது, அவர்கள்தான் பங்கைத் திருகிவிட்டார்கள் என்று பேசினோம். அதை நானும் பேசியிருக்கிறேன். அதற்காக இன்று இந்தப் பீடத்திலிருந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

திருவிவிலியத்தில் கட்டைவிரல் வரும் இடங்கள் கொஞ்சம்தான். நீதித்தலைவர்கள் நூலின் தொடக்கத்தில் அதோனி பெசேக்கு என்றொரு அரசன். எழுபது மன்னர்களின் கை, கால் பெருவிரல்களை வெட்டி, தன் மேசைக்குக் கீழே பொறுக்கித் தின்ன வைத்ததாக அவனே ஒப்புக்கொள்கிறான். கட்டைவிரல் போனால் வாளும் பிடிக்க முடியாது, வில்லும் பிடிக்க முடியாது. ஆளைக் கொல்லாமலே ஒன்றுமில்லாதவனாக ஆக்கும் வழி. அதை அங்கேயே விட்டுவிடுகிறேன். லேவியர் நூலில் இரண்டு இடங்கள் இருக்கின்றன, அவற்றை வீட்டுக்குப் போய்ப் படியுங்கள். 8ஆம் அதிகாரத்தில் ஆரோனைக் குருவாக அர்ப்பணிக்கும்போது, மோசே பலியின் இரத்தத்தை எடுத்து அவர் வலது காது மடலிலும் வலக்கைப் பெருவிரலிலும் வலக்கால் பெருவிரலிலும் பூசுகிறார். 14ஆம் அதிகாரத்தில் இன்னொருவருக்கு இதே மூன்று இடங்களில் பூசப்படுகிறது. முதலில் இரத்தம், அதன்மேல் எண்ணெய். அவர் யார் தெரியுமா? தொழுநோய் நீங்கிய ஒருவர். பாளையத்துக்கு வெளியே, தனியே வாழ்ந்தவர். இப்போது திரும்பி வருகிறார். தலைமைக் குருவுக்குச் செய்ததையே அவருக்கும் செய்யச் சொல்கிறது சட்டம். ஏதோ ஒரு மூலையில் உட்கார இடம் கொடுத்து அவரை அனுப்பிவிடவில்லை. முதல் தடவை இதைக் கவனித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நம் வழிபாட்டிலும் கட்டைவிரலின் வேலை அதிகம், நாம்தான் கவனிப்பதில்லை. உறுதிபூசுதலில் ஆயர் கிறிஸ்மா தைலத்தில் தோய்ப்பது வலக்கைப் பெருவிரலை. திருநீற்றுப் புதனன்று உங்கள் நெற்றியில் சாம்பல் வைப்பது இந்த விரல். நற்செய்தி வாசிக்கும் முன் நெற்றியில், உதட்டில், நெஞ்சில் நீங்கள் போடுகிற சிறிய சிலுவையும் இதனால்தான். சற்று முன்புதான் போட்டீர்கள். மற்ற நான்கு விரல்களும் ஒரே வரிசையில் நிற்கும்போது தள்ளி நிற்கிற அந்த ஒரு விரலிடம்தான் தைலத்தையும் சாம்பலையும் திருச்சபை ஒப்படைத்திருக்கிறது.

பின்னலுக்கும் மீட்பின் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று சிலருக்குத் தோன்றலாம். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகர அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. 1400ஐ ஒட்டிய காலத்தில் மாஸ்டர் பெர்ட்ராம் என்ற ஓவியரின் பட்டறையில் ஒரு பீடத்துக்காக வரையப்பட்டது. அதில் அன்னை மரியா உட்கார்ந்து நான்கு ஊசிகளால் வட்டமாகப் பின்னிக்கொண்டிருக்கிறார். பிள்ளை இயேசுவுக்கான சிறு சட்டை. உடல் முடிந்து கழுத்துக்கு வந்துவிட்டார். பிள்ளை பக்கத்தில் புல்லில் புத்தகத்தோடு கிடக்கிறது. வானதூதர்கள் வந்து நிற்கிறார்கள், கையில் சிலுவையும் ஈட்டியும். யோவான் நற்செய்தியில் படைவீரர்கள் கிழிக்க மனம்வராமல் சீட்டுப் போட்ட அந்தத் தையலில்லா அங்கியை ஓவியர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். நான் அந்தப் படத்தைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். பாட்டிக்கும் காட்டினேன். அவர் வானதூதர்களைப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியை உயர்த்தி ஊசிகளை எண்ணினார். "நாலு. சரியாத்தான் பிடிச்சிருக்காங்க மாதா" என்றார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 13 கண்ணிகள் சேர்ந்ததும் அவற்றைப் பின்னி முடிப்பதில்லை. ஊசியிலிருந்து கழற்றி, வேறு நிறத்து நூலில் கோத்து அப்படியே விட்டுவிடுவோம். அவை முடியப்படாத கண்ணிகள். நூலை உருவினால் அவிழ்ந்து ஓடிவிடும். பிறகு அந்த இடைவெளியில் ஒரு புதுக்கண்ணி போட்டு, உள்ளங்கையைத் தொடர்ந்து பின்னி முடிக்க வேண்டும். அது முடிந்த பிறகே கட்டைவிரலுக்குத் திரும்பி வருகிறோம். திரும்பி வரும்போது, விரலும் கையும் சேர்கிற கவட்டில் இரு மூலையிலும் ஓட்டை தெரியும். யார் பின்னினாலும் தெரியும். பாட்டி அங்கே மூன்று கண்ணிகளைப் புதிதாக எடுத்துக்கொள்வார், 13 பதினாறாகும். அடுத்த சுற்றில் மூலைக்கண்ணியைப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னி இரண்டைக் குறைப்பார். 14 நிற்கும், ஓட்டை மறைந்திருக்கும். என்னுடைய முதல் ஜோடியில் அந்த மூலைகளைக் கவனிக்காமல் விட்டு, பிறகு தைத்து மறைக்கப் பார்த்தேன். தைத்த இடம் விரலை அறுத்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கி, அவிழ்த்து, திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேர் சேர்கிற இடத்தில் விரிசல் தெரிந்தால் யார் செய்த தப்பு என்று தேடுவதே நம் வழக்கமாக இருக்கிறது. குடும்பங்களிலும், அன்பியக் கூட்டங்களிலும். அந்த மூலையில் நாம் கூடுதலாக ஒரு கண்ணி எடுத்தோமா என்று அடுத்த முறை கேட்டுப் பாருங்கள்.

பாட்டியைப் போன மாதம் நாம் அடக்கம் செய்தோம். நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள், பின்பெஞ்சுக்காரர்களும் முன்பெஞ்சுக்காரர்களும். திருத்தூதர் பணிகள் நூலில், யோப்பாவில் தபித்தா இறந்தபோது கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்து அழுதுகொண்டே அவர் செய்துகொடுத்த உடைகளைக் காட்டினார்கள். அன்று நம் கல்லறையிலும் அப்படித்தான் நடந்தது. குழிக்கு மண் போட நீண்ட கைகளில் எத்தனை பழுப்புக் கையுறைகள்! நான் எண்ண முடியாமல் நின்றேன்.

அடக்கம் முடிந்து அவர் பேத்தி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். "பாட்டி உங்ககிட்ட கொடுக்கச் சொன்னாங்க ஃபாதர்" என்றாள். உள்ளே ஒரு கையுறை முழுதாக இருந்தது. இன்னொன்றில் உள்ளங்கைவரை முடிந்து, கட்டைவிரல் மட்டும் பாக்கி. சிவப்பு நூலில் 13 கண்ணிகள் கோத்திருந்தன. கூடவே மூன்று முடிச்சுப் போட்ட அளவுநூல் ஒன்று. மணிக்கட்டிலிருந்து விரல் பிரியும் இடம்வரை ஒரு முடிச்சு, விரலின் சுற்றளவுக்கு ஒன்று, விரலின் நீளத்துக்கு ஒன்று. அதில் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது, சீட்டில் ஒரு பெயர். அந்தப் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். பல வருடமாக இந்தக் கோவிலுக்குள் வராதவர் அவர். எப்போது, எந்தச் சாக்கில் போய் அவருடைய கையைப் பிடித்துப் பாட்டி அளந்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்டு வாங்கியவர் போலவும் இல்லை. அளவு மட்டும் இருக்கிறது, மணிக்கட்டிலிருந்து.

நேற்று இரவு அந்தக் கண்ணிகளை ஊசிக்கு மாற்றினேன். மூலையில் மூன்று எடுத்து, இரண்டைக் குறைத்து, நான்கு சுற்று பின்னியிருக்கிறேன். அளவுநூல்படி இன்னும் ஆறு சுற்று பாக்கி. மதியத்துக்குள் முடிந்துவிடும். மாலையில் அவர் வீட்டுக்குப் போகிறேன். யாராவது ஒருவர் என்னோடு வந்தால் நன்றாக இருக்கும். முன்பெஞ்சிலிருந்து யாராவது.